மூட்டையை எண்ணுங்கள், பிறகு வண்டியைப் பாருங்கள்

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)

ஒரு தை மாதம். சம்பா அறுவடை முடிந்து களமெல்லாம் நெல்லாகக் கிடந்த சமயம். புவனகிரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் உளுந்து வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்தேன். ஐந்து ஏக்கர் வைத்திருக்கிற விவசாயி ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தி, "சார், நாளைக்கு வண்டிக்குக் கையெழுத்துப் போடப் போறேன். குட்டி யானை எடுக்கட்டுமா, பெரிய பிக்கப்பா எடுக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். கையில் நிதிக் கம்பெனியின் காகிதக் கட்டு இருந்தது. முன்பணத்துக்கு வீட்டம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போய்விட்டது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

நான் அவரைத் திருப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அண்ணே, வருஷத்துக்கு எத்தனை மூட்டை ஏத்துவீங்க?" அவர் யோசித்தார். பிறகு, "அது கிடக்கு சார், நெறைய ஏத்துவோம்" என்றார்.

அந்த "நெறைய" என்ற சொல்தான் இன்றைய பேச்சுக்குக் காரணம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், நடத்திப் பார்க்கிறோம். ஐந்து லட்சம், பத்து லட்சம் போட்டு வண்டி வாங்கும்போது மட்டும் நிறத்தையும் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். சரக்கு ஏற்றவும் இழுக்கவும் வண்டி தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எத்தனை வகை வண்டி?

கட்டை வண்டிக்குப் பிறகு நம் பக்கத்தில் டிராக்டரும் டிரெயிலரும் வந்தன. பிறகு மெட்டடோர் வந்தது. 1986-ல் டாடா 407 வந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்தது. இரண்டே சிலிண்டர், 16 குதிரைசக்தி டீசல் எஞ்சின், சந்து பொந்தெல்லாம் நுழையும் உடம்பு. அதற்குத்தான் நம் மக்கள் குட்டி யானை என்று பெயர் வைத்தார்கள். 2011-ல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலீரோ பிக்கப்பைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறீர்கள்.

பெயர்கள் எத்தனை இருந்தாலும், விவசாயிக்கு இவை மூன்று வகைதான். முக்கால் டன் அளவு சுமக்கும் சின்ன வண்டி ஒன்று. ஒன்றேகால் டன் சுமக்கும் நடுத்தர வண்டி ஒன்று. ஒன்றரை டன்னுக்கு மேல், 1,700 கிலோ வரை சுமக்கும் பெரிய பிக்கப் ஒன்று. ஒரே பெயரில் நாலைந்து மாதிரிகள் வருவதால் பெயரைக் கேட்டு அளவைத் தீர்மானிக்காதீர்கள். அளவு வேறு இடத்தில் எழுதியிருக்கிறது.

ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எண்கள்

வண்டியின் பதிவுச் சான்றில், அதாவது ஆர்.சி.யில், இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வண்டியின் வெறும் எடை. மற்றொன்று சரக்கோடு சேர்த்து வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை. பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். மொத்த எடை 2,700 கிலோ, வெறும் எடை 1,500 கிலோ என்றால் மிச்சம் 1,200 கிலோ. அதுதான் உங்கள் வண்டியின் சுமை. விற்பவர் வாயால் சொல்வது கணக்கில்லை.

அந்த 1,200 கிலோவும் மூட்டைக்கு மட்டும் கிடைப்பதில்லை. ஓட்டுபவரும் பக்கத்தில் உட்காரும் நீங்களும் சேர்ந்து 130 கிலோ இருப்பீர்கள். அதையும் கழிக்க வேண்டும். ஆக, முக்கால் டன் வண்டியில் மூட்டைக்கு மிஞ்சுவது 620 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற 40 கிலோ மூட்டைக் கணக்கில் பார்த்தால் 15 மூட்டை. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. அந்தக் கணக்கில் 13 மூட்டை. ஒன்றேகால் டன் வண்டியில் நெல் 28 மூட்டை ஏறும். 1,700 கிலோ பிக்கப்பில் 39 மூட்டை ஏறும்.

"என்னா சார், குட்டி யானையில் முப்பது மூட்டை ஏத்திக்கிட்டுப் போறதை நான் கண்ணால் பார்த்திருக்கேனே" என்பீர்கள். நானும் பார்த்திருக்கிறேன். அது போவதும் உண்மை. ஆனால் நிற்குமா என்பதுதான் கேள்வி. எஞ்சின் பாரத்தை இழுத்துவிடும். முதல் கியரில் போட்டால் எதுவும் நகரும். பிரேக் மட்டும் எழுதியிருக்கிற எடைக்குத்தான் செய்யப்பட்டது. பாரம் இரண்டு மடங்கானால் அதே பிரேக் இரண்டு மடங்கு வேலை செய்ய வேண்டும். வேகமும் இரண்டு மடங்கானால் வண்டி நிற்கிற தூரம் நாலு மடங்காகும். சுமை ஏறி, வேகமும் ஏறி, முன்னால் ஒரு பள்ளிப் பிள்ளை சைக்கிளில் குறுக்கே வந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலாக இருக்கிற ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் மேலே வரும். அதிகச் சரக்கை இறக்குகிற கூலியும் உங்கள் தலையில்தான்.

எடை ஒரு கணக்கு, இடம் ஒரு கணக்கு

நெல், உரம், மணல், நிலக்கடலை மூட்டை, பலாப்பழம் எல்லாம் கனத்த சரக்கு. தொட்டி நிறைவதற்கு முன்பே எடை நிறைந்துவிடும். வைக்கோல், பூ, கீரை, காலிப் பெட்டி எல்லாம் இடம் அடைக்கிற சரக்கு. எடை ஏறுவதற்கு முன்பே தொட்டி நிறைந்துவிடும். கனத்த சரக்குக்காரருக்குச் சுமை எண் முக்கியம். இடம் அடைக்கிற சரக்குக்காரருக்குத் தொட்டியின் நீள அகலம் முக்கியம். வைக்கோல் கட்டு ஓட்டுகிறவர் சுமைத்திறன் அதிகமான வண்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் லாபமில்லை. நீளத் தொட்டி இருந்தால் போதும்.

வைக்கோல் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கட்டுகளை வானத்துக்கு அடுக்கினால் பாரத்தின் நடு மேலே போய்விடும். வளைவில் திருப்பும்போது வண்டி கவிழ்வதற்கு இதுதான் காரணம். கடலோரச் சாலைகளில் குறுக்குக் காற்று வேறு சேர்ந்துகொள்ளும். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழம் ஏற்றுகிறவர்கள் வைக்கோல் பரப்பி, பெரிய காய்களை அடியிலும் முன்பக்கத்திலும் வைத்து, உருளாமல் இடைவெளியை அடைத்து ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல முறை. எந்தச் சரக்கானாலும் கனமானதைக் கீழே வையுங்கள்; பின் அச்சுக்குச் சற்று முன்னால் பாரத்தின் நடு விழும்படி வையுங்கள். பின் கதவோரம் பாரம் குவிந்தால் முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங் திருப்பினால் வண்டி சொன்னபடி கேட்காது.

சுமப்பது வேறு, இழுப்பது வேறு

"பிக்கப்புக்கு 70 குதிரைசக்தி, டிராக்டருக்கு 45-தான். அப்படியானால் பிக்கப்பின் பின்னால் டிரெயிலரைக் கட்டி இழுக்கலாமே?" என்று படித்த இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. விளக்கமாகவே சொல்கிறேன்.

குதிரைசக்தி என்பது வேலை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்பதைச் சொல்லும் எண். டிராக்டர் தன் சக்தியை மெதுவான வேகத்தில், பெரிய பல்சக்கரங்கள் வழியாக, முறுக்காக மாற்றித் தருகிறது. அதன் கனமெல்லாம் பெரிய பின் சக்கரத்தின் மேல் இருக்கிறது. சேற்றைக் கடித்துப் பிடிக்க டயரில் ஆழமான பட்டைகள் உண்டு. பிக்கப் வண்டி அதே சக்தியைச் சாலையில் வேகமாக ஓடுவதற்குச் செலவழிக்கிறது. காலி வண்டியில் பின்பக்கம் லேசாக இருக்கும். இழுக்கச் சொன்னால் சக்கரம் சுழலும், கிளட்ச் கருகும். ஒன்று உழவு மாடு என்றால் மற்றொன்று சவாரி மாடு.

அமெரிக்கப் பண்ணைகளில் பிக்கப் வண்டிகள் குதிரைகளையும் கன்றுகளையும் ஏற்றிய டிரெயிலர்களை இழுத்துக்கொண்டு போவது உண்மைதான். அங்கே ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு இழுக்கலாம் என்ற எண்ணைக் கம்பெனியே தனியாக அச்சிட்டுத் தருகிறது. கொக்கியும் அதற்கென்றே செய்தது. கனமான டிரெயிலருக்குத் தனி பிரேக் உண்டு. நம் ஊரில் விற்கிற சிறு சரக்கு வண்டிகள் முதுகில் சுமப்பதற்காகச் செய்தவை. வண்டியோடு வருகிற கையேட்டில் இழுவை எடை என்று எதுவும் எழுதியிருக்காவிட்டால், இழுக்க அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ஒரு கொக்கியைப் பற்ற வைத்துவிட்டால் வண்டி இழுவை வண்டி ஆகிவிடாது.

கையேட்டில் அனுமதி இருந்து, சக்கரம் வைத்த மருந்தடிப்பு எஞ்சினையோ ஜெனரேட்டரையோ இரு சக்கர டிரெயிலரில் இழுப்பவர்கள் ஒரு பாடத்தை மாட்டு வண்டியிலிருந்தே படித்துக்கொள்ளலாம். வண்டியில் பாரம் பின்னால் சாய்ந்தால் என்ன ஆகும்? நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். பாரம் அளவுக்கு மேல் முன்னால் வந்தால்? மாட்டின் கழுத்து அழுந்தி, நடக்க முடியாமல் மண்டி போடும். பாரம் கொஞ்சமாக முன்பக்கம் இருந்தால்தான் மாடு நிம்மதியாக நடக்கும். டிரெயிலர் கொக்கிக்கும் இதே கணக்குதான். டிரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகம் கொக்கியின் மேல் விழ வேண்டும். பின்பாரம் ஆனால் டிரெயிலர் பாம்பு போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும். ஆடத் தொடங்கினால் சட்டென்று பிரேக்கை மிதிக்காதீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

டிராக்டர் டிரெயிலர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. பாலத்து இறக்கத்தில் கரும்பு பாரம் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். ஏறும்போது எந்தக் கியரோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்க நினைத்தால் உயிர் போய்விடும். இரவில் டிரெயிலருக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் ஒளிரும் பட்டையும் கட்டாயம் வேண்டும்.

ஆகவே கரும்புக்காரர்களுக்கு என் பதில் சுருக்கமானது. ஏக்கருக்கு 40 டன் வெட்டி நெல்லிக்குப்பத்துக்கோ சேத்தியாத்தோப்புக்கோ அனுப்புகிறவருக்குப் பிக்கப் உதவாது. அது டிராக்டர் டிரெயிலருக்கும் லாரிக்கும் உரிய வேலை.

மண்ணும் பாதையும்

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் களிமண். ஒரு மழை பெய்தால் வண்டிப்பாதை வெண்ணெய் ஆகிவிடும். அங்கே எந்தப் பிக்கப்பையும் வயலுக்குள் இறக்காதீர்கள். வயலிலிருந்து தார்ச்சாலை வரை டிராக்டர், தார்ச்சாலையிலிருந்து கொள்முதல் நிலையம் வரை பிக்கப் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் முந்திரித் தோப்புகளில் வண்டி உள்ளேயே போகும். ஆனால் மேடு பள்ளம் அதிகம். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கடலோரத்தில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். அங்கே மீன் ஏற்றுகிற வண்டியின் தொட்டியையும் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவி, துருத் தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும்.

எரிபொருள் பற்றி ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் புதிய வண்டிகள் பி.எஸ். 6 விதிப்படி வருகின்றன. டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். தினம் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் உருட்டி நிறுத்தினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நீண்ட ஓட்டம் கொடுத்தால்தான் கரி எரிந்து சுத்தமாகும். குறுகிய ஓட்டம் மட்டுமே உள்ளவர்கள் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டியையும் விசாரியுங்கள். சி.என்.ஜி. என்றால் நிரப்பும் நிலையம் உங்கள் வழியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சில டீசல் வண்டிகளுக்கு யூரியாக் கரைசல் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். "யூரியாதானே, வயலுக்குப் போடுற மூட்டை வீட்டில் கிடக்கே" என்று கரைத்து ஊற்றிவிடாதீர்கள். அது மிகச் சுத்தமான யூரியாவை நூற்றுக்கு 32.5 பங்கு என்ற அளவில் கரைத்த தனிச் சரக்கு. வயல் யூரியாவை ஊற்றினால் அந்தக் கருவியே பாழாகி, செலவு பெரிதாக வரும்.

தவணைக் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். கீழே சொல்வது மாதிரிக் கணக்கு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆறு லட்சம் கடன், 11 சதவிகித வட்டி, ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 13,045 ரூபாய். ஐந்து வருடத்தில் கட்டும் வட்டி மட்டும் 1,82,000 ரூபாயைத் தாண்டும். இன்சூரன்ஸ், வரி, டயர், ரிப்பேர் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 5,000 என்று வையுங்கள். ஆக, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் 18,000 ரூபாய், நாளுக்கு 600 ரூபாய், அது தின்றுகொண்டே இருக்கும். மாட்டுக்கு வேலை இல்லாத நாளில் வைக்கோலைக் குறைத்துப் போடலாம். வண்டிக்கு அப்படிக் குறைக்க முடியாது.

இனி எதிர்ப்பக்கம். அதே வேலைக்கு வாடகை வண்டி கூப்பிட்டால் நடைக்கு 1,500 ரூபாய். சொந்த வண்டியில் டீசலும் ஆள் சம்பளமும் 700 ரூபாய். ஆகச் சொந்த வண்டியால் நடைக்கு மிச்சம் 800 ரூபாய். மாதம் 18,000-ஐ 800-ஆல் வகுத்தால் இருபத்திரண்டரை வருகிறது. மாதத்துக்கு 23 நடை ஓடினால்தான் சொந்த வண்டி உங்களைக் காப்பாற்றும். அதற்குக் கீழே என்றால் நீங்கள்தான் வண்டியைக் காப்பாற்ற வேண்டும்.

புவனகிரிக்காரருக்கு வருகிறேன். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் மகளின் பள்ளி நோட்டிலேயே கணக்குப் போட்டோம். ஐந்து ஏக்கர் சம்பா. ஏக்கருக்கு இரண்டு டன் என்று வைத்தால் 250 மூட்டை. நடுத்தர வண்டியில் 9 நடை. உரத்துக்கு 2 நடை. உளுந்துக்கு 1. வைக்கோலுக்கு 6. தவிடு, விதை, வீட்டுச் சாமான் என்று 4. கூட்டினால் 22 நடை. மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு! வண்டிக்கு மாதம் 23 நடை வேண்டும். அவரிடம் வருஷத்துக்கே 22 நடைதான் இருந்தது. நோட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப வாடகைக்கு ஓட்டினா?" என்றார். ஓட்டலாம். ஆனால் அது விவசாயம் அல்ல, வேறொரு தொழில். அதிகாலையில் எழுந்து லோடு தேட வேண்டும். அறுவடைக் காலத்தில் ஊரிலிருக்கிற வண்டிக்கெல்லாம் வேலை இருக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் எல்லா வண்டியும் சும்மா நிற்கும். தவணை மட்டும் நிற்காது. அந்தத் தொழிலுக்கு வீட்டில் முழு நேர ஆள் இருந்தால் வாங்குங்கள்.

அப்படியானால் யாருக்குச் சொந்த வண்டி ஏற்றது? தினசரி சரக்கு உள்ளவர்களுக்கு. நாள் தவறாமல் கடலூர் உழவர் சந்தைக்கோ புதுச்சேரிக்கோ கத்தரி, வெண்டை, கீரை கொண்டுபோகிறவர், பால் எடுப்பவர், பூ அனுப்புகிறவர், பண்ருட்டியில் பலா, முந்திரி வியாபாரம் செய்கிறவர், அன்னங்கோயிலிலிருந்து மீன் எடுக்கிறவர் ஆகியோருக்கு 23 நடை பத்தொன்பது இருபது நாளிலேயே வந்துவிடும். அவர்களுக்கும் ஒரு விதி உண்டு. வருஷத்தில் முந்நூறு நாள் ஏற்றுகிற சரக்குக்கு ஏற்ற வண்டியை வாங்குங்கள். மீதிப் பத்து நாள் பெரிய பாரம் வந்தால் அதற்குப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். தினம் 400 கிலோ காய் கொண்டுபோகிறவர், தைக்கு வரும் நெல்லை நினைத்து 1,700 கிலோ பிக்கப் எடுத்தால், வருஷமெல்லாம் காற்றைச் சுமந்துகொண்டு டீசல் எரிப்பார்.

நாலைந்து பேர் சேர்ந்து, அல்லது உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் பெயரில், ஒரு வண்டி வாங்கினால் நடை எண்ணிக்கை எளிதில் வரும். யாருக்கு எந்த நாள், டீசல் யார் பணம், ரிப்பேர் யார் பணம் என்பதை முன்கூட்டியே நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சில் தொடங்கிய கூட்டு வண்டி முதல் டயர் வெடித்த அன்றே பிரிந்துவிடும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. பகலில் பாருங்கள். மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். சேசிஸ் சட்டத்தில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா, பின் ஸ்பிரிங்கில் கம்பெனி வைத்ததற்கு மேல் பட்டை சேர்த்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கூடுதல் பட்டை இருந்தால் அந்த வண்டி அளவுக்கு மீறிச் சுமந்த வண்டி.

நம் மாவட்டத்தில் இன்னொரு சோதனையும் தேவை. 2015 வெள்ளத்திலும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோதும் தண்ணீரில் நின்ற வண்டிகள் உண்டு. சீட்டுக்கு அடியில் வண்டல் படிந்த கோடு, சீட்டு நகரும் தண்டவாளத்தில் துரு, ஒயர் முனைகளில் பச்சைப் பூப்பு இவை தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருக்க வேண்டும். எஃப்.சி., இன்சூரன்ஸ், நிலுவை அபராதம் பாருங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்.சி. எடுக்க வேண்டும். பணம் கொடுத்த கையோடு பெயர் மாற்றுங்கள். விற்கிறவரும் இதில் அக்கறை காட்ட வேண்டும். பெயர் மாறாத வண்டி விபத்து செய்தால், ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே சொந்தக்காரர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதைத் தாண்டினால் தேவை. வாங்குமுன் இதையும் கணக்கில் வையுங்கள். லைசென்ஸ் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. மொத்த எடை 7,500 கிலோ வரை உள்ள சரக்கு வண்டியை, இலகுரக வாகன லைசென்ஸ் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது.

டிராக்டர்காரர்களும் கவனியுங்கள். டிரெயிலருக்குத் தனிப் பதிவும் இன்சூரன்ஸும் வேண்டும். பாலிசியில் விவசாயப் பயன்பாடு என்று எழுதிவிட்டு, வாடகைக்குச் செங்கல் ஏற்றிய அன்று விபத்து நடந்தால், கம்பெனி கையை விரிக்க இடம் உண்டு.

தொட்டியில் ஆள் வேண்டாம்

கடைசியாகச் சொன்னாலும் தலையாய விஷயம் இது. மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும், ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்துக்கும், நாற்று நடவுக்கு அடுத்த ஊருக்கும் சரக்கு வண்டியின் தொட்டியில் முப்பது பேரை நிற்க வைத்துக்கொண்டு போகிறோம். மூட்டை அசையாது, மனிதர்கள் அசைவார்கள். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த எடை முழுதும் வண்டியைக் கவிழ்க்கும். கவிழ்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது.

சரக்கின் சொந்தக்காரரோ அவர் பிரதிநிதியோ கேபினில் சரக்கோடு போவது வேறு. ஓசிப் பயணமாகத் தொட்டியில் ஏறியவர்களுக்குச் சரக்கு வண்டி இன்சூரன்ஸ் பொருந்தாது என்பதை உச்ச நீதிமன்றம் 2003-லேயே தெளிவுபடுத்திவிட்டது. செத்தவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு வண்டிக்காரரின் நிலத்திலிருந்து போகும். உபகாரமாக ஏற்றிய ஒரு நடை, இரண்டு குடும்பங்களை ஒரே நாளில் தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். அவசரத்துக்கு வேன் பிடியுங்கள், பஸ்ஸுக்கு நில்லுங்கள்.

அந்தப் புவனகிரி விவசாயி மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. அடகு வைத்த வளையலை மீட்டார். கையில் மிஞ்சியதில் நல்ல தார்ப்பாய்கள் நாலு வாங்கினார். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் தகராறு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். திடீர் மழையில் நெல்லை மூடக் கையில் தார்ப்பாய் இருந்தால், அதுவே பாதி வண்டிக்குச் சமம். அடுத்த தெருவில் தினம் காய்கறி ஓட்டுகிற ஒருவரிடம், அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசி முடித்துக்கொண்டார். அந்தக் காய்கறிக்காரருக்கு நடை கூடியது, இவருக்குக் கடன் இல்லை.

ஆகவே, உழவர் பெருமக்களே, வண்டிக் கடைக்குப் போகுமுன் வீட்டில் ஒரு நோட்டை எடுங்கள். போன வருஷம் ஏற்றிய மூட்டையை எண்ணுங்கள், நடையை எண்ணுங்கள், தவணையை அதனால் வகுங்கள். கணக்கு ஒத்து வந்தால் தைரியமாக வாங்குங்கள். எழுதியிருக்கிற எடையை மட்டும் ஏற்றுங்கள். தொட்டியில் ஆள் ஏற்றாதீர்கள். கணக்கு ஒத்து வராவிட்டால் வாடகைக்குப் பிடியுங்கள். வாசலில் வண்டி நிற்பது கௌரவம்தான். நிலத்தின் பத்திரம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருப்பது அதைவிடப் பெரிய கௌரவம்.